ஸ்கேட் பிளேடுக்கு ஒரே ஒரு கார்டு போதாது: நான்கு வகை போட்டுப் பார்த்த அனுபவம்

துரு முதலில் வந்தது இடது பிளேடின் குதிகால் பக்கம். விரல் நகம் நீளத்துக்கு ஒரு ஆரஞ்சுக் கோடு. ரிங்கிலிருந்து, அதாவது பனிச்சறுக்குத் தளத்திலிருந்து, வெளியே வந்ததும் துடைத்தேன், பிளேடுக்கு மாட்டும் பிளாஸ்டிக் உறையான கார்டைப் போட்டேன், பையில் வைத்தேன், நான்கு நாள் கழித்துத் திறந்து பார்த்தால் அந்தக் கோடு. பிளேடு வாங்கிய கடையில் "எப்பவும் கார்டைப் போட்டே வைங்க, எட்ஜ் பத்திரமா இருக்கும்" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். சொன்னபடியே செய்தேன். அப்படிச் செய்ததால்தான் துரு வந்தது என்று சாணை பிடிக்கிறவர் பிளேடைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அந்தக் கோட்டை எடுக்க, போகவேண்டிய அளவைவிட அதிக இரும்பு போயிற்று. பிளேடில் போன இரும்பு திரும்பி வராது, அதனால்தான் இதை இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

நான் ஓட்டுவது ஃபிகர் ஸ்கேட், பனியில் சுழன்று குதித்து ஆடுவதற்கானது. அண்ணன் மகன் ஐஸ் ஹாக்கி ஆடுகிறான், அவனுடைய ஸ்கேட்டைத் துடைத்து எடுத்து வைப்பதும் நான்தான். ஆகவே இரண்டு வகை பிளேடுக்கும் கார்டு வாங்கி, வெட்டி, தூக்கிப்போட்டு, மறுபடியும் வாங்கியிருக்கிறேன்.

பிளேடின் அடிப்பகுதி தட்டையாக இருக்காது. நீளவாக்கில் நடுவே ஒரு குழிவு, அதன் இரு பக்கமும் இரண்டு எட்ஜ். ஃபிகர் பிளேடு சுமார் 4 மி.மீ. தடிமன், ஹாக்கி பிளேடு சுமார் 3 மி.மீ. அரை அங்குல ஆரத்தில் சாணை பிடித்த 4 மி.மீ. பிளேடில் அந்தக் குழிவின் ஆழம் கணக்குப் போட்டால் 0.16 மி.மீ. தான் வரும். அந்த நூலளவு மேட்டை நம்பித்தான் நாம் சாய்கிறோம், திரும்புகிறோம், நிற்கிறோம். வெறும் பிளேடோடு சிமென்ட் தரையில் நாலு எட்டு வைத்தாலே போதும், அல்லது கதவடியில் இருக்கும் இரும்புப் பட்டையை ஒரு தடவை மிதித்தாலே போதும், எட்ஜில் பல் போலச் சிறு வெட்டு விழுந்துவிடும். ரிங்கைச் சுற்றி ரப்பர் விரிப்பு இருக்கிறதே என்று சிலர் வெறும் பிளேடோடு நடக்கிறார்கள். ரப்பர் ஒன்றும் செய்யாது, உண்மைதான். ஆனால் எல்லோருடைய செருப்பிலும் வந்த பொடி மணல் அதில்தானே ஒட்டிக்கிடக்கிறது? நான் விரிப்பிலும் கார்டோடுதான் நடப்பேன்.

சரி, ஹார்டு கார்டின் வேலை அதுதான், நடப்பது. பெஞ்சிலிருந்து ரிங்குக்கு, ரிங்கிலிருந்து பெஞ்சுக்கு. அதோடு கழற்றிவிட வேண்டும். அது மூடிய பிளாஸ்டிக், உள்ளே போன ஈரத்துக்கு வெளியேற வழி கிடையாது. பெரும்பாலான ஃபிகர் பிளேடுகள் கார்பன் ஸ்டீல், மேலே குரோம் பூச்சு. சாணை பிடிக்க வேண்டிய இடத்தில், அதாவது எட்ஜை ஒட்டி, அந்தப் பூச்சு இருக்காது. பளபளவென்று இருக்கும் பக்கவாட்டில் வராத துரு சரியாக எட்ஜில் மட்டும் வருவது இதனால்தான். ஹாக்கி பிளேடுகள் பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், ஆனால் நாள்கணக்கில் ஈரத்தில் ஊறவிட்டால் அதிலும் புள்ளி விழுகிறது.

எனக்கு ரொம்ப நாள் பிடிபடாத ஒரு விஷயம் இருந்தது: நன்றாகத் துடைத்த பிறகும் பிளேடு எப்படி ஈரமாகிறது? பிளேடு பனிக்கட்டியின் குளிரில் இருந்து வருகிறது, உடை மாற்றும் அறையில் காற்று வெதுவெதுப்பாக இருக்கிறது, குளிர்ந்த தண்ணீர்ச் செம்பின் வெளிப்புறம் வேர்ப்பது போலப் பிளேடும் வேர்க்கிறது. ஆகவே ஒருமுறை துடைத்தால் ஆகாது. நான் இறங்கியதும் ஒரு தடவை துடைக்கிறேன், லேஸ் எல்லாம் அவிழ்த்து, செருப்பு மாட்டி, பையை ஒழுங்கு செய்துவிட்டு இன்னொரு தடவை துடைக்கிறேன். ஷூவின் அடியில் பிளேடு திருகப்பட்டிருக்கும் தகட்டையும், திருகுகளைச் சுற்றியும் துடைக்க வேண்டும், அங்கே தங்கும் தண்ணீர்தான் மெதுவாக இறங்கி எட்ஜுக்கு வருகிறது.

இனி கார்டுகள். நான் இன்றும் வைத்திருப்பது ஒரே துண்டாக வரும் பிளாஸ்டிக் கார்டு. நீளமாக வரும், நம் பிளேடு அளவுக்கு நாமே வெட்டிக்கொள்ள வேண்டும். முன்பக்கம் டோ பிக் (ஃபிகர் பிளேடின் முன்முனையில் இருக்கும் பற்கள்) உட்கார அகலமான இடம், பின்பக்கம் குதிகாலைக் கவ்வும் கொக்கி. சரியாக வெட்டினால் இதைவிட உறுதியான கார்டு இல்லை, மாடிப்படி ஏறினாலும் அசையாது. தப்பாக வெட்டினால் குப்பைக்குத்தான். முதல் ஜோடியில் 5 மி.மீ. கூடுதலாக வெட்டிவிட்டேன், பிளேடின் வால் வெளியே நீட்டிக்கொண்டு தரையில் உரசியது. பிளேடைக் கார்டுக்குள் வைத்து, டோ பிக்கை முன்னால் நன்றாக முட்டவிட்டு, பின்பக்கம் பென்சிலால் குறித்து, அந்தக் குறிக்கு வெளியே கொஞ்சம் விட்டு ஆக்ஸா பிளேடால் அறுங்கள். மாட்டிப் பாருங்கள். நீளமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் எடுக்கலாம். இடதும் வலதும் தனித்தனியாக அளக்க வேண்டும். அறுத்த இடத்தில் பிசிறு இருந்தால் உப்புத்தாளால் தேய்த்து, உள்ளே விழுந்த தூளைக் கழுவிவிடுங்கள்.

இரண்டாவது, நடுவில் ஸ்பிரிங் வைத்த இரண்டு துண்டுக் கார்டு. வெட்டும் வேலையே இல்லை, இழுத்து மாட்டினால் முடிந்தது. கால் வளர்ந்துகொண்டே இருக்கும் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்வேன், ஏனென்றால் அடுத்த அளவு ஸ்கேட்டுக்கும் இதே கார்டு போதும். ஆனால் இதில் எனக்கு மூன்று குறை. இரண்டு துண்டுக்கும் நடுவே பிளேடு கொஞ்சம் திறந்தே கிடக்கிறது, கூழாங்கல் மேல் மிதித்தால் அங்கேதான் படும். ஸ்பிரிங்கே துருப்பிடிக்கிறது, பிடித்தால் அந்தக் கறை பிளேடிலும் ஒட்டுகிறது. ஸ்பிரிங் தளர்ந்த பிறகு படியில் இறங்கும்போது முன்துண்டு கழன்று ஓடிவிட்டது, நான் கைப்பிடியைப் பிடித்திருந்ததால் விழவில்லை. ஸ்பிரிங் இழுவை குறைந்துவிட்டது என்று தெரிந்த அன்றே மாற்றிவிடுங்கள்.

மூன்றாவது, அடிப்பாகம் வளைவாக இருக்கும் தடித்த கார்டு. நடக்க இதுதான் சுகம். சாதாரணக் கார்டில் பலகை மேல் நடப்பது போலக் கால் டப்டப்பென்று விழும், இதில் குதிகாலில் இருந்து விரல்வரை கால் உருண்டு போகிறது, முழங்காலுக்கு நல்ல வித்தியாசம் தெரிகிறது. கனமும் பருமனும்தான் தொல்லை. என் பையில் இடம் இல்லாததால் இதைத் தோழியிடம் கொடுத்துவிட்டேன். ரிங்குக்கும் உடை மாற்றும் அறைக்கும் தூரம் அதிகம் என்றால் நீங்கள் வைத்துக்கொள்ளலாம்.

ஹாக்கி கார்டு நான்காவது. டோ பிக் இல்லாத பிளேடுக்காகச் செய்தது, ஆகவே முன்பக்கம் ஒடுக்கம். இதை ஃபிகர் ஸ்கேட்டில் திணிக்க முயற்சி செய்யாதீர்கள், டோ பிக் உள்ளே போகாது, போனது போலத் தோன்றினாலும் நடக்கும்போது தெறித்துவிடும். ஸ்பீடு ஸ்கேட்டிங் பிளேடு நீளமோ நீளம், தடிமன் 1 மி.மீ. சொச்சம்தான், அதற்கென்றே வரும் கார்டுதான் வேண்டும்.

இதுவரை சொன்ன எதுவும், ஸ்கேட்டைப் பையில் வைக்கும்போது பிளேடில் போட்டுவைக்கும் கார்டு கிடையாது. அதற்குத்தான் சோக்கர், துணியில் தைத்த உறை. உள்பக்கம் டர்க்கி டவல் போல ஈரம் உறிஞ்சுகிற துணியாக இருக்கிறதா என்று விரலைவிட்டுத் தடவிப் பார்த்து வாங்குங்கள். வெளியே பஞ்சுபஞ்சாக, கரடி முகத்தோடு அழகாக இருக்கும், உள்ளே வழுவழுவென்று பாலியெஸ்டர் இருக்கும், அது ஈரத்தை எடுக்காது. டோ பிக் குத்தும் முனையில் துணி இரட்டையாக மடித்துத் தைத்திருந்தால் அதிக நாள் தாங்கும், ஒற்றைத் துணி சீக்கிரம் ஓட்டையாகிவிடுகிறது. சோக்கர் இருந்தால் ஒரு ஸ்கேட்டின் பிளேடு இன்னொரு ஷூவின் தோலைக் கிழிக்காது என்பதும் உண்டு. இதைப் போட்டு நடக்கக் கூடாது, வழுக்கும், துணியும் அறுந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் சோக்கரையும் கழற்றிக் காயப்போடுங்கள், ஸ்கேட்டைத் திறந்தபடி வையுங்கள். நனைந்த சோக்கருக்குள் இரண்டு நாள் கிடந்தாலும் அதே துருதான்.

பயன்படுத்துவதில் முக்கியமானது ரிங் வாசலில் கழற்றுவது. கார்டோடு பனியில் கால் வைத்தால் பிடிமானம் துளிகூடக் கிடையாது, கால் முன்னால் போகும், ஆள் பின்னால் விழுவார், தலை அடிபடக்கூடிய விழுகை அது. பல வருடம் ஓட்டியவர்களும் பேச்சு சுவாரசியத்தில் இப்படி விழுவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் அடர் நிறம் வேண்டாம், கண்ணில் அடிக்கிற ஆரஞ்சோ இளம் பச்சையோ வாங்குங்கள். தடுப்புச் சுவரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கழற்றி, சுவர் மேலேயே வைத்துவிட்டு இறங்குங்கள். அண்ணன் மகனுக்கு நான் சொல்லிக்கொடுத்தது: கையில் கார்டு இரண்டும் இருந்தால்தான் வாசலைத் தாண்ட வேண்டும்.

கார்டையும் வாரம் ஒருமுறை கழுவ வேண்டும். பள்ளத்துக்குள் மணல் சேர்ந்தால், ஒவ்வொரு தடவை பிளேடை நுழைக்கும்போதும் நாமே எட்ஜைத் தேய்க்கிறோம். சோப்புத் தண்ணீரும் பழைய பல்துலக்கும் பிரஷும் போதும். அடியில் தண்ணீர் வடியத் துளை இருக்கும் கார்டு என்றால் அந்தத் துளையைக் குத்திச் சுத்தம் செய்யுங்கள். கழுவிக் கவிழ்க்கும்போது அடிப்பாகத்தையும் பாருங்கள், தேய்ந்து மெலிந்துகொண்டே வரும். என் ஜோடியைப் போன வாரம் விளக்குக்கு நேராகப் பிடித்தபோது டோ பிக்குக்குக் கீழே வெளிச்சம் தெரிந்தது. புது ஜோடி வந்துவிட்டது, அதே ஒரே துண்டு வகை, இன்னும் அறுக்கவில்லை.