ஜாங்கோ ஓஆர்எம்: இத்தனை ஆண்டு பழகிய பிறகும் ஆறாத கோபம்

கோலாலம்பூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைக்குச் சரக்கிருப்பு மென்பொருள் எழுதப்போகிறேன் அண்ணே. ஜாங்கோவின் ஓஆர்எம் போதுமா, இல்லை எஸ்.க்யூ.எல்லை நேரடியாகவே எழுதிவிடட்டுமா?" ஜாங்கோ என்பது பைதான் மொழியில் இணைய மென்பொருள் எழுத உதவும் சட்டகம். தரவுத்தள அட்டவணைகளைப் பைதான் பொருள்களாகக் கையாள வைத்து, தரவுத்தளத்தின் வினவல் மொழியான எஸ்.க்யூ.எல்லை நமக்காக எழுதித் தரும் பகுதிதான் அதன் ஓஆர்எம். தம்பி கேட்ட வேளை சரியில்லை. அதே வாரத்தில்தான் பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு மளிகை மொத்த வியாபாரியின் நிலுவை அறிக்கையைப் பழுது பார்த்து முடித்திருந்தேன். கோபம் இன்னும் தணியவில்லை. அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நல்லது நிறைய இருக்கிறது. மலேசியாவில் வியாபாரக் கணக்கு மென்பொருளைப் பராமரிப்பவர் வரிச் சட்டத்தோடு சேர்ந்து ஓட வேண்டும். 2015 ஏப்ரல் 1இல் 6 விழுக்காடு ஜிஎஸ்டி (பொருள், சேவை வரி) வந்தது. 2018 ஜூன் 1இல் அது பூஜ்யமானது. அதே ஆண்டு செப்டம்பர் 1இல் ஜிஎஸ்டியே போய் எஸ்எஸ்டி (விற்பனை, சேவை வரி) வந்தது. 2024 ஆகஸ்டில் தொடங்கி, ஆண்டு விற்பனையின் அளவைப் பொறுத்து இ-இன்வாய்ஸ் (வரி வாரியத்துக்கு மின்வழியில் அனுப்பும் பில்) ஒவ்வொரு தரப்பாக எட்டிப் பிடித்தது. ஒவ்வொரு முறையும் அட்டவணைகளின் வடிவம் மாறியது. பழைய பில்களைத் தொடவும் முடியாது. ஏழு ஆண்டுகளுக்கு ஆவணங்களை வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். 2018 மே மாதத்துப் பில் 6 விழுக்காட்டோடும், ஜூலை மாதத்துப் பில் பூஜ்யத்தோடும், அக்டோபர் மாதத்துப் பில் அந்தக் கட்டமே இல்லாமலும் ஒரே அட்டவணையில் நியாயமாக வாழ வேண்டும்.

இத்தனை மாற்றங்களையும் ஜாங்கோவின் மைக்ரேஷன் (அட்டவணைகளின் வடிவத்தைப் படிப்படியாக மாற்றும் வசதி) தாங்கியது. மாடலில் (ஓர் அட்டவணையைக் குறிக்கும் பைதான் வகுப்பில்) ஒரு புலத்தைச் சேர்த்தால், என்ன மாறியது என்பதை அதுவே கண்டுபிடித்து ஒரு கோப்பாக எழுதித் தருகிறது. பழைய பதிவுகளுக்கு உரிய வரி விகிதத்தை நிரப்பும் பைதான் நிரலையும் அதே வரிசையில் செருக முடிகிறது. முன்பு இதற்குச் சவுத் என்ற தனிக் கருவி தேவைப்பட்டது. அதை எழுதிய ஆண்ட்ரூ காட்வினே 2014இல் 1.7 பதிப்பில் மைக்ரேஷனை ஜாங்கோவுக்குள் கொண்டுவந்தார். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இது இன்னும் அழகு: மைக்ரேஷன் நடுவில் முறிந்தால் அட்டவணைகள் பழைய நிலைக்கே திரும்பிவிடுகின்றன. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஐந்து ஆண்டு பழைய தரவுத்தளப் பிரதியை எடுத்து, ஒரே கட்டளையில் இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவர முடிகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. இதற்காக அந்தக் குழுவுக்கு நான் நன்றிக்கடன் பட்டவன்.

இ-இன்வாய்ஸ் வேலையில் இன்னொரு சிறிய வசதி பெரிதாக உதவியது. பில் தரவுத்தளத்தில் உறுதியான பிறகுதான் வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் அமைப்புக்கு அனுப்ப வேண்டும். சேமிப்பு பாதியில் ரத்தாகி, அனுப்பியது மட்டும் போய்ச் சேர்ந்துவிட்டால், கடையின் ஏட்டில் இல்லாத பில் வரி வாரியத்தின் ஏட்டில் இருக்கும். 72 மணி நேரத்துக்குள் அதை ரத்து செய்ய அலைய வேண்டும். 'ஆன் கமிட்' என்ற ஒரே அழைப்பு இந்த வரிசையைக் காத்துக்கொடுக்கிறது.

எல்லாரும் குறைகூறும் என்+1 சிக்கலைப் பற்றி எனக்கு அதிகம் சொல்ல இல்லை. 50 பில்களைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றிலும் வாடிக்கையாளர் பெயரைக் கேட்டால் 51 வினவல்கள் போகும். 'செலக்ட் ரிலேட்டட்' போட்டால் ஒன்றே போகும். பக்கம் மெதுவாகத் திறக்கும்போதே காரணம் தெரிந்துவிடுகிறது. மெதுவாக ஓடும் நிரலை என்னால் மன்னிக்க முடியும். பொய் சொல்லும் நிரலை முடியாது.

அந்த மளிகைக் கடை அறிக்கைக்கு வருகிறேன். கடனில் சரக்கெடுக்கும் உணவகங்களும் சில்லறைக் கடைகளும் அதன் வாடிக்கையாளர்கள். ஒரு வாடிக்கையாளருக்குப் பல பில்கள், பல வரவுகள் (அவர் கட்டிய தொகைகள்). நிலுவை என்பது பில்களின் மொத்தத்திலிருந்து வரவுகளின் மொத்தத்தைக் கழித்தால் வருவது. இதை ஜாங்கோவில் எழுதுவது சுகமான வேலை: வாடிக்கையாளர் மாடலில் 'அன்னோடேட்' (ஒவ்வொரு பதிவோடும் கணக்கிட்ட மதிப்பைச் சேர்க்கும் கட்டளை) என்று அழைத்து, பில் தொகையின் கூட்டுத்தொகை ஒன்று, வரவுத் தொகையின் கூட்டுத்தொகை ஒன்று என்று இரண்டையும் கேட்டால் போதும். படிக்கவும் தெளிவாக இருக்கிறது. எனக்கு முன் அதை எழுதியவர் கெட்டிக்காரர். அவருடைய நிரலில் வேறெங்கும் நான் கை வைக்கத் தேவைப்படவில்லை.

எண்களைப் போட்டுப் பாருங்கள். ஒருவருக்கு மூன்று பில்கள்: 1,000, 2,000, 3,000 வெள்ளி (ரிங்கிட்). மொத்தம் 6,000. இரண்டு வரவுகள்: 1,500, 2,500. மொத்தம் 4,000. அவர் தர வேண்டியது 2,000 வெள்ளி. ஜாங்கோ இரண்டு அட்டவணைகளையும் ஒரே வினவலில் வாடிக்கையாளரோடு இணைக்கிறது. ஒவ்வொரு பில்லும் ஒவ்வொரு வரவோடும் ஜோடி சேர்ந்து ஆறு பதிவுகள் ஆகின்றன. பில் தொகை ஒவ்வொன்றும் இருமுறை கூட்டப்பட்டு 12,000 ஆகிறது. வரவு ஒவ்வொன்றும் மும்முறை கூட்டப்பட்டு அதுவும் 12,000 ஆகிறது. நிலுவை: பூஜ்யம். 2,000 வெள்ளி தர வேண்டியவரின் பெயருக்கு நேராகப் பூஜ்யம் என்று அச்சாகிறது. பிழைச் செய்தி இல்லை, எச்சரிக்கை இல்லை, பதிவேட்டில் ஒரு முணுமுணுப்புகூட இல்லை.

ஒரு பில், ஒரு வரவு உள்ள வாடிக்கையாளருக்குக் கணக்கு மிகச் சரியாக வரும். பொதுவாகச் சோதனைத் தரவை அப்படித்தான் எழுதுவார்கள். எனவே சோதனையில் தேறிவிடுகிறது. கடை வளர வளர, அடிக்கடி சரக்கெடுத்து அடிக்கடி பணம் கட்டும் நல்ல வாடிக்கையாளர்களின் கணக்குதான் அதிகம் சிதைகிறது. முதலாளிக்குக் கணிப்பொறியின் மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது. கைப்பட எழுதிய கடன் நோட்டை மறுபடியும் எடுத்துவிட்டார். அவரிடம் தவறு இல்லை.

இது யாருக்கும் தெரியாத குறையா என்றால், இல்லை. ஜாங்கோவின் சொந்த ஆவணத்திலேயே, ஒன்றுக்கு மேற்பட்ட கூட்டுத்தொகைகளை இப்படிச் சேர்த்தால் விடை தவறாக வரும் என்று எச்சரிக்கை இருக்கிறது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. தவறாக வரும் என்று தெரிந்தால் மறுத்துவிட வேண்டியதுதானே? இந்த ஓஆர்எம்முக்கு மறுக்கத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. பட்டியலின் முதல் பத்தை வெட்டி எடுத்த பிறகு வடிகட்டினால் முடியாது என்று பிழை எறிகிறது. கூட்டுத்தொகையின் மேல் இன்னொரு கூட்டுத்தொகை கேட்டாலும் மறுக்கிறது. அங்கெல்லாம் கண்டிப்பான கணக்குப்பிள்ளையாக நிற்கும் அது, பணத்தைப் பெருக்கிக் காட்டும் இடத்தில் மட்டும் வாய் திறப்பதில்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். எஸ்.க்யூ.எல்லில் அதே இரண்டு ஜாயின்களை (அட்டவணை இணைப்புகளை) கையால் எழுதியிருந்தாலும் இதே 12,000 வந்திருக்கும். உறவுத் தரவுத்தளத்தின் இயல்பு அது. ஜாங்கோ அதைக் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் கையால் எழுதும்போது இரண்டு ஜாயின்களும் கண்முன் கிடக்கின்றன, பதிவுகள் பெருகும் என்பது அனுபவசாலிக்கு உறைக்கும். 2006 முதல் இருக்கும் இன்னொரு பைதான் ஓஆர்எம்மான எஸ்க்யூஎல்ஆல்கமியில்கூடக் கூட்டுத்தொகை கேட்கும்போது ஜாயினை நாமே வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜாங்கோவோ அதை மறைத்துவிடுகிறது. அட்டவணைகளை மற, பொருள்களாக நினை என்பதுதான் அது நமக்குத் தரும் வாக்கு. பொருள்களாக நினைத்தால் 'இவருடைய பில்களின் மொத்தம்' என்பதும் 'இவருடைய வரவுகளின் மொத்தம்' என்பதும் ஒன்றையொன்று தொடாத இரண்டு உண்மைகள். ஒன்றைக் கேட்டதால் மற்றொன்று மாறக் கூடாது. வாக்கை நம்பி, அதன் மொழியிலேயே பேசியவருக்குத்தான் தவறான விடை கிடைக்கிறது. என் முதன்மையான புகார் இதுதான்.

பரிகாரங்கள் உண்டு. ஒரே மதிப்பை ஒருமுறை மட்டும் எடுக்கும் 'டிஸ்டிங்க்ட்' சேர்க்கச் சொல்பவர்களை மட்டும் நம்பாதீர்கள். எண்ணிக்கைக்கு அது உதவும், தொகைக்கு உதவாது. 1,000 வெள்ளியில் இரண்டு பில்கள் இருந்தால் அதை ஒன்றாகவே எண்ணி இன்னொரு பொய்யைச் சொல்லும். சரியான வழி, 2017இல் 1.11 பதிப்பில் வந்த 'சப்குவெரி'. பில்களுக்கு ஒன்று, வரவுகளுக்கு ஒன்று என்று உள்வினவல்களாகப் பிரித்தால் கணக்கு சரியாகிவிடும். ஆனால் அதற்கு வெளி வினவலின் வாடிக்கையாளரைச் சுட்ட 'அவுட்டர்ரெஃப்', குழுவாக்க இரண்டு முறை 'வேல்யூஸ்', 3.1க்கு முந்தைய பதிப்பென்றால் மாடலின் இயல்பு வரிசையை நீக்க வெற்று 'ஆர்டர் பை', வரவே இல்லாதவருக்கு வெறுமை வராமலிருக்க 'கோயலெஸ்'. இந்தக் கடைசி ஒன்றை விட்டுவிட்டால், ஒரு காசும் கட்டாதவரின் நிலுவைக் கட்டம் காலியாக நிற்கும். முதலாளி முதலில் பார்க்க விரும்பும் பெயரே அதுதான்! இத்தனையையும் எழுதி முடித்தால், நேரடி எஸ்.க்யூ.எல்லைவிட நீளமாகவும் படிக்கக் கடினமாகவும் ஒரு நிரல் கிடைக்கிறது.

அதனால் மளிகைக் கடைக்கு நான் அப்படிச் செய்யவில்லை. போஸ்ட்கிரெஸில் நிலுவைக்கென்று ஒரு வியூ (தரவுத்தளத்தில் சேமித்து வைத்த வினவல்) எழுதினேன், அதையும் மைக்ரேஷன் வழியாகவே. ஜாங்கோவில் 'மேனேஜ்ட்' என்பதைப் பொய் (False) என்று வைத்து, அதாவது அந்த அட்டவணையை ஜாங்கோ தானே உருவாக்காதபடி செய்து, அதற்கு மேல் ஒரு மாடலை உட்கார வைத்தேன். அறிக்கைத் திரைக்கு அது மற்றொரு மாடலாகவே தெரிகிறது. கணக்கு எஸ்.க்யூ.எல்லில் நடக்கிறது, யாரும் திறந்து சரிபார்க்கலாம்.

இவர்களால் திருத்த முடியும் என்பதற்குச் சான்றும் இருக்கிறது. மாடலின் இயல்பு வரிசை குழுவாக்கத்துக்குள் நுழைந்து எண்ணிக்கையைக் கெடுக்கும் வேறொரு மௌனக் குறை முன்பு இருந்தது. 2019இல் 2.2 பதிப்பில் எச்சரிக்கை கொடுத்தார்கள், 2020இல் 3.1 பதிப்பில் நடத்தையையே மாற்றினார்கள். பல புலங்களைச் சேர்த்து முதன்மைச் சாவியாக வைக்கும் வசதியையும் மிகத் தாமதமாகவென்றாலும் 2025 ஏப்ரலில் 5.2 பதிப்பில் கொடுத்துவிட்டார்கள். பலமடங்கு உறவுகள் இரண்டின் மேல் கூட்டுத்தொகை கேட்கப்படுகிறது என்பதை நிரல் அறிய முடியும். ஜாயினை எழுதுவதே அதுதான். ஓர் எச்சரிக்கை வரியாவது வேண்டும் என்று கேட்பது பேராசை இல்லை.

இனி தம்பியின் கேள்வி. மேலே புகழ்ந்ததில் ஒரு சொல்லையும் நான் திரும்பப் பெறவில்லை. ஆனாலும் ஐந்துக்கு எவ்வளவு என்று கேட்டால் இந்த வாரம் இரண்டுதான் கொடுப்பேன். உங்கள் மென்பொருளின் முதல் திரையே கையிருப்பு: வந்த சரக்கிலிருந்து விற்ற சரக்கைக் கழிப்பது. ஒரு பொருளுக்குப் பல கொள்முதல்கள், பல விற்பனைகள். நான் மேலே சொன்ன அதே பொறி, அளவு மட்டும் வெள்ளிக்குப் பதிலாகக் கிலோ.

ஜாங்கோவையே எடுப்பதென்றால், கொள்முதலையும் விற்பனையையும் தனித்தனி அட்டவணைகளில் கூட்டவே கூட்டாதீர்கள். சரக்கு நகர்வு என்று ஒரே அட்டவணை வையுங்கள். வந்தது கூட்டல் குறியோடு, போனது கழித்தல் குறியோடு. அப்போது உறவு ஒன்று, கூட்டுத்தொகை ஒன்று, ஓஆர்எம் உங்களை ஏமாற்ற வழியில்லை. சோதனைத் தரவில் ஒவ்வொரு பொருளுக்கும் குறைந்தது மூன்று கொள்முதலும் இரண்டு விற்பனையும் இருக்கட்டும். கடைக்காரர் பார்ப்பதற்கு முன் கையிருப்பு எண்ணை ஒரு தாளில் நீங்களே கூட்டிப் பாருங்கள்.