அயர்லாந்து சுத்திப் பாக்க வாடகை காரா, பஸ் ரயிலா? நான் பஸ் கட்சி

போன மே மாசம் நானும் வீட்டுக்காரரும் ஒம்பது நாள் அயர்லாந்துல இருந்தோம், டப்ளின், கால்வே, கில்லார்னி, டிங்கிள்னு முழுக்க ரயில் பஸ்லயே. அதே வாரம் நாத்தனார் குடும்பம் கார் எடுத்துகிட்டு சுத்துனாங்க, அதனால ரெண்டு பக்கத்துக் கதையும் தெரியும்.

கார் வசதிதான், அதுல பேச என்ன இருக்கு. நெனச்ச எடத்துல நிறுத்தலாம், பெட்டி சுமக்க வேணாம், நம்ம ஊர் மாதிரியே இடது பக்கம்தான் ஓட்டணும். டப்ளின் எம்50 ரோட்டுல மட்டும் டோல் பூத்தே கிடையாது, கேமரா நம்பர் எடுத்துக்கும், மறுநாள் ராத்திரி 8 மணிக்குள்ள நாமளா ஞாபகம் வச்சு கட்டணும்.

என்னைய பின்வாங்க வச்சது இன்சூரன்ஸ்ல வர்ற எக்ஸஸ்தான். வாடகையிலயே இன்சூரன்ஸ் சேத்தின்னு போட்டிருக்கும், பொய் இல்ல, ஆனா வண்டியில கீறல் விழுந்தா முதல் ஆயிரம் ரெண்டாயிரம் யூரோ வரைக்கும் நம்ம கைக்காசு, சாவி குடுக்கும்போதே அந்தத் தொகைய கிரெடிட் கார்டுல பிளாக் பண்ணிடுறாங்க. அது வேணாம்னா கவுன்டர்ல தினத்துக்கு இவ்ளோன்னு தனியா கட்டணும், அப்பவும் டயரும் கண்ணாடியும் அதுல சேருமான்னு கேட்டு வாங்கிக்கணும். நாத்தனார் வீட்டுல அது தண்டச்செலவுன்னு கட்டாம கெளம்பிட்டாங்க.

வேற ஊருன்னா பரவால்லன்னு விட்டிருப்பேன், அங்க கிராமத்து ரோடு ஒரு வண்டி அகலம்தாங்க, சில எடத்துல நடுவுல புல்லு மொளச்சிருக்கு. எதிர்ல டிராக்டர் வருதேன்னு செடிப்பக்கம் ஒதுங்குனா செடிக்குள்ள கல்லுச்சுவர் ஒளிஞ்சிருக்கும், அப்படித்தான் அவங்க சைடு மிரர் போச்சு. டிங்கிள் பக்கத்துல கானர் பாஸ்னு ஒரு மலைப்பாதை, ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் பள்ளம், 2 டன்னுக்கு மேல உள்ள வண்டிய விடவே மாட்டாங்க. ரிங் ஆஃப் கெர்ரிங்கற கடலோர வட்டப்பாதை சுமார் 180 கிலோமீட்டர், டூர் பஸ் எல்லாம் இடஞ்சுழியாத்தான் போகும், கார்க்காரங்க ஒண்ணு அதுங்க வாலப் புடிச்சுப் போகணும், இல்ல எதிர்ல வந்து ஓரமா ஒட்டிக்கிட்டு நிக்கணும். நாத்தனார் வீட்டுக்கார அண்ணன் எதிர்ல போனாரு பாவம், கடல எங்க பாத்தாரு. நாங்க கில்லார்னியில ஏறுன ஒரு நாள் டூர் பஸ்ல ஜன்னலோரம் உக்காந்து பாத்துட்டு வந்தோம்.

பஸ் ரயில் நெனச்சத விட சுளுவு. டப்ளின் ஹூஸ்டன் ஸ்டேஷன்ல ஏறுனா ரெண்டரை மணி நேரத்துல கால்வே. அங்கருந்து 350ம் நம்பர் பஸ் டூலின்ங்கற ஊர் வழியா, கடலோரம் செங்குத்தா நிக்கிற மோஹர் பாறைமுகட்டுக்கே போகுது. டிங்கிளுக்கு ரயில் கிடையாது, டிரலி வரைக்கும் ரயில், அப்புறம் பஸ். கிராமத்து ஸ்டாப்புல சும்மா நின்னா பஸ் பாட்டுக்கு போயிரும், கை காட்டணும், எங்களுக்கு ஒண்ணு அப்படித்தான் போச்சு. எறங்கும்போது ஒவ்வொருத்தரும் டிரைவருக்கு தேங்க்ஸ் சொல்லிட்டுத்தான் எறங்குறாங்க, ரெண்டாம் நாளே எங்களுக்கும் ஒட்டிக்கிச்சு. அப்புறம் ராத்திரி பப்ல பாட்டு கேக்கப் போனா வீட்டுக்காரர் நிம்மதியா ஒரு கிளாஸ் குடிக்கலாம், ஓட்டுற வேல இல்லயே.

குறையும் சொல்லிடுறேன். ஞாயித்துக்கிழமை பஸ் ரொம்ப கம்மி, அன்னிக்கு ஊர் மாத்துற பிளான் போடாதீங்க. நாங்க போனப்ப ராத்திரி ஒம்பதரை வரைக்கும் வெளிச்சம், டிசம்பர்ல நாலரைக்கெல்லாம் இருட்டிடும், அந்தக் குளிர்ல ஸ்டாப்புல நின்னு பாத்ததில்ல. டொனகல் பக்கமும் போனதில்ல, அங்க ரயிலே இல்லங்கறதால கார்தான் சரியா இருக்குமோ என்னவோ. கைக்கொழந்தையோட போறவங்களுக்கும் என் அனுபவம் உதவாது.

கார திருப்பி விட்டப்ப அந்த மிரருக்கு எவ்ளோ புடிச்சாங்கன்னு கேட்டேன், அண்ணன் சாப்டாச்சான்னு கேட்டு பேச்ச மாத்திட்டாரு.