செக்டிஸ்க், டிடிரெஸ்க்யூ, ரெக்கவரி லேப்: பழுதாகும் ஹார்ட் டிஸ்கில் எது முதலில்?

ஃபோல்டர் திறக்கவே ஒரு நிமிடம் ஆகிறது. காப்பி பாதியில் நின்றுவிடுகிறது. உடனே பலரும் ஓட்டுவது, விண்டோஸோடு வரும் டிஸ்க் சரிபார்ப்புக் கருவியான செக்டிஸ்க் (chkdsk). வேறெங்கும் பிரதி இல்லாத கோப்புகள் அந்த டிஸ்கில் இருந்தால் தயவுசெய்து அதை முதலில் ஓட்டாதீர்கள்.

முதலில் ஸ்மார்ட் (SMART) எண்களை, அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தானே வைத்திருக்கும் கணக்கைப் பாருங்கள். அதற்கு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ (CrystalDiskInfo) என்ற மென்பொருள் போதும், 5, 197, 198, 199 என்ற வரிகள் அதில் 05, சி5, சி6, சி7 என்று தெரியும். 5 என்பது கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள், அதாவது தரவு பதியும் சிறு கட்டங்கள். 197, படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருப்பவை. இது நாளுக்கு நாள் ஏறினால் தரவு பதிந்திருக்கும் தகடோ, அதைப் படிக்கும் ஹெட்டோ தேய்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். 198, டிஸ்க் தானே சோதித்தபோது படிக்க முடியாதவை. 199, டிஸ்குக்கும் கணினிக்கும் இடையே தரவு போகும்போது நேர்ந்த பிழைகள். 199 மட்டும் ஏறுகிறதா? டிஸ்கைக் குறை சொல்வதற்கு முன் அதைக் கணினியோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றுங்கள். பழைய எண் குறையாது. மேற்கொண்டு ஏறாமல் நின்றால் கோளாறு கேபிளில்தான் இருந்தது.

செக்டிஸ்க் கோப்பு அமைப்பைச் சரிசெய்யும் கருவி, தரவை மீட்பதற்கானதல்ல. பழுதான அதே டிஸ்கிலேயே எழுதும். ஒழுங்காகப் படிக்க முடியாத கோப்புப் பதிவுகளை நீக்கிவிடும், துண்டுகளைப் பெயரில்லாத கோப்புகளாக ஒதுக்கும். 'ஆர்' விருப்பத்தோடு ஓட்டினால் டிஸ்க் முழுவதையும் மணிக்கணக்கில் படிக்க வைக்கும். தேய்ந்த ஹெட்டுக்கு அது பெரும் சுமை.

பழுதான டிஸ்கைப் பிரதி எடுக்கும் லினக்ஸ் கருவியான டிடிரெஸ்க்யூ (ddrescue) நேரெதிர். மூல டிஸ்கில் எதையும் எழுதாது. நன்றாகப் படிக்கக்கூடிய பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, சிக்கும் இடங்களைத் தாண்டிப் போய், பிறகு அவற்றுக்குத் திரும்பி வரும். லினக்ஸ் லைவ் பென்டிரைவில் பூட் செய்து, அதே கொள்ளளவோ அதற்கு மேலோ உள்ள டிஸ்குக்குக் குளோன், அதாவது முழுப் பிரதி எடுங்கள். முதல் சுற்றில் 'என்' விருப்பம் கொடுத்தால் கெட்ட பகுதிகளைச் சுரண்டாது. அடுத்த சுற்றில் அதை எடுத்துவிட்டு, 'ஆர்3' கொடுத்து மூன்று முறை முயலச் சொல்லுங்கள். எது படித்தாயிற்று, எது மிச்சம் என்று டிடிரெஸ்க்யூ குறித்துவைக்கும் மேப் கோப்பை மூன்றாவதாக ஒரு டிரைவில் வையுங்கள். லைவ் பென்டிரைவின் தற்காலிக நினைவகத்தில் வைத்தால் ரீபூட்டில் போய்விடும், விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது. எது மூலம், எது இலக்கு என்று கொள்ளளவையும் சீரியல் எண்ணையும் இரண்டு முறை ஒப்பிடுங்கள். மாற்றிக் கொடுத்தால் வெற்று டிஸ்க் உங்கள் தரவின் மேல் எழுதப்படும், அதற்கு மீட்சி இல்லை. நொடிக்கு 100 எம்பி வேகத்தில் 1 டிபிக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம். கெட்ட செக்டர்கள் இருந்தால் நாள்கணக்கும் ஆகலாம். செக்டிஸ்க் வேண்டுமானால் பிறகு குளோனில் ஓட்டுங்கள், இன்னொரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு.

வேண்டியது பத்துக் கோப்புதான், டிஸ்க் இன்னும் சுமாராகப் படிக்கிறது என்றால் அவற்றை மட்டும் முதலில் காப்பி செய்வதே சரி.

'டிக், டிக்' என்று சீராகத் தட்டும் சத்தம் கேட்டாலோ, பயாஸில் டிஸ்க் தெரியாமல் போனாலோ கதை வேறு. உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். இனி மென்பொருள் எதுவும் உதவாது, தரவை மீட்டுத் தரும் ரெக்கவரி லேப்தான் வழி. ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் உடைந்த ஹெட் தகட்டைக் கீறலாம். ஃப்ரீசரில் வைக்காதீர்கள், வெளியே எடுத்ததும் தகட்டில் ஈரம் படியும். மூடியையும் திறக்காதீர்கள்: ஹெட் பறப்பது சில நானோமீட்டர் உயரத்தில், ஒரு தூசியே அதற்கு மலை. அதே மாடலின் சர்க்யூட் போர்டை வாங்கி மாட்டுவதும் பெரும்பாலும் பலிக்காது. அந்த டிஸ்குக்கே உரிய அளவீடுகள் பழைய போர்டின் ரோம் சிப்பில் இருக்கின்றன, அதையும் பெயர்த்துப் பொருத்த வேண்டும். லேபில் கொடுக்கும்போது ஹெட் மாற்றத் தூசியற்ற அறை இருக்கிறதா, தரவு வராவிட்டால் கட்டணம் உண்டா என்று கேட்டுக்கொண்டு, இதற்கு முன் என்னென்ன முயன்றீர்கள் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள்.