கிளென் பெர்ரியின் டயக்னாஸ்டிக் குவெரிகள்: சர்வரின் நாடி பார்க்க

மைக்ரோசாஃப்ட்டின் டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்.கியூ.எல். சர்வர் மெதுவாக இழுக்கிறது என்று புகார் வந்தால் முதலில் எடுக்க வேண்டியது, அத்துறை நிபுணர் கிளென் பெர்ரி இலவசமாகத் தரும் இந்த டயக்னாஸ்டிக் குவெரிகள் (சர்வரின் நிலையைக் கேட்டறியும் கட்டளைகள்) அடங்கிய ஸ்கிரிப்ட்டைத்தான். 2005 தொடங்கி ஒவ்வொரு பதிப்புக்கும் தனிக் கோப்பு. உங்கள் பதிப்புக்கு உரியதையே எடுங்கள். மாறிப்போனால் முதல் குவெரியே பிழை காட்டும்.

எஃப்5 தட்டி மொத்தத்தையும் ஒரேயடியாக ஓட்டாதீர்கள். ஒவ்வொன்றாக ஓட்டி, அதன் கீழுள்ள கமெண்டைப் படியுங்கள். ஸ்கிரிப்ட்டின் பாதி மதிப்பு அந்த விளக்கங்களில்தான் இருக்கிறது. முற்பகுதி சர்வர் முழுவதற்குமானது. பிற்பகுதிக்கு வரும்போது மாஸ்டர் என்ற சிஸ்டம் டேட்டாபேஸிலிருந்து உங்கள் டேட்டாபேஸுக்கு மாறியாக வேண்டும். இவற்றை ஓட்டத் தேவையான அனுமதி, 2019 பதிப்பு வரை வியூ சர்வர் ஸ்டேட். 2022-இல் பெரும்பாலானவற்றுக்கு வியூ சர்வர் பெர்ஃபாமன்ஸ் ஸ்டேட்.

உடனடிப் பலன் சர்வரின் அமைப்புகளைக் காட்டும் கான்ஃபிகரேஷன் குவெரியில் கிடைக்கும். மேக்ஸ் சர்வர் மெமரி (சர்வர் எடுக்கக்கூடிய மெமரியின் உச்சவரம்பு) 2147483647 என்ற இயல்பு மதிப்பிலேயே இருந்தால் யாரும் அதைத் தொடவே இல்லை என்று பொருள். பேரலலிசத்துக்கான (ஒரு குவெரியைப் பல பிராசசர்களில் பிரித்து ஓட்டுவதற்கான) காஸ்ட் த்ரெஷோல்டு 5 என்று இருந்தாலும் அப்படியே. கடைசி பேக்கப் எப்போது என்ற குவெரியையும் விடாதீர்கள்.

பலர் வழுக்குவது வெயிட் ஸ்டாட்ஸிலும் (சர்வர் எதற்காக எவ்வளவு நேரம் காத்திருந்தது என்ற கணக்கு) ஃபைல் லேட்டன்சியிலும் (ஃபைலைப் படிக்க, எழுத ஆகும் தாமதம்). இரண்டும் சர்வர் கடைசியாக ரீஸ்டார்ட் ஆனதிலிருந்து கூட்டிக்கொண்டே வரும் கணக்கு. ஒரு டேட்டா ஃபைலில் சராசரி ரீட் 40 மில்லி செகண்ட் என்று வந்தால் உடனே டிஸ்க்கைக் குறை சொல்ல முடியாது. இரவு நேர இண்டெக்ஸ் ரீபில்டு (தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸ்களைப் புதிதாகக் கட்டும் வேலை) அந்தச் சராசரியை ஏற்றியிருக்கலாம். புகார் வரும் நேரத்தில் ஒருமுறை, அரைமணி கழித்து இன்னொருமுறை எடுங்கள். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்து, இடையில் கூடிய காத்திருப்பு நேரத்தை இடையில் கூடிய ரீட் எண்ணிக்கையால் வகுத்தால் வருவதுதான் அந்த நேரத்து உண்மை நிலை. இந்தக் கழித்தலை ஸ்கிரிப்ட் தானாகச் செய்வதில்லை. பெரிய குறை இதுதான்.

இல்லாத இண்டெக்ஸ்களைப் பரிந்துரைக்கும் மிஸ்ஸிங் இண்டெக்ஸ் பட்டியலை அப்படியே நம்பி இண்டெக்ஸ் போடவே கூடாது. சமன் நிபந்தனையில் (=) வரும் காலம்கள் பரிந்துரையில் டேபிளில் உள்ள வரிசைப்படியே வருகின்றன. எது முதலில் நிற்க வேண்டும் என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். ஒரே டேபிளுக்கு ஒன்றையொன்று ஒத்த நாலைந்து பரிந்துரைகள் வரும், சேர்த்து ஒன்றாக்குங்கள். இன்சர்ட், அப்டேட்டுக்குக் கூடும் சுமையும் அந்தக் கணக்கில் இல்லை.

பஃபர் (மெமரியில் வைத்திருக்கும் டேட்டா) பயன்பாடு, ஃபிராக்மென்டேஷன் (இண்டெக்ஸ் சிதறல்) குவெரிகள் பெரிய சர்வரில் நீண்ட நேரம் ஓடும். நெரிசல் நேரத்தில் தவிர்த்துவிடுங்கள். பழைய நிலவரம் வேண்டுமென்றால் 2016 பதிப்பு முதல் உள்ள, குவெரிகளின் வரலாற்றைச் சேமிக்கும் குவெரி ஸ்டோரை டேட்டாபேஸ்தோறும் இயக்கி வையுங்கள்.