செட்டிநாட்டு வெயிலில் ஹேண்டில்பாரில் எதை மாட்டுவது: போனா, சைக்கிள் கம்ப்யூட்டரா?

காரைக்குடி வட்டாரத்தில் இந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொல்வது வெயில்தான். தேவகோட்டை, கானாடுகாத்தான், ஆத்தங்குடி, குன்றக்குடி என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் நீண்ட ஏற்றம் கிடையாது. செம்மண் பொட்டலும் தைலமரக் காடும் மாறி மாறி வரும், தைலமரம் பெயருக்குத்தான் நிழல் தரும். காலை எட்டரை மணிக்குப் பிறகு ஹேண்டில்பாரில் மாட்டிய எந்தத் திரையும் நேர்வெயிலில் காய்ந்துகொண்டுதான் இருக்கும். அதனால் எந்தக் கருவியில் என்னென்ன வசதி என்று ஒப்பிடும் முன், அது வெயிலில் என்ன ஆகிறது என்று பார்த்துவிட வேண்டும்.

ஐபோனைப் பயன்படுத்தச் சுற்றுப்புற வெப்பம் 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை இருக்கலாம் என்று ஆப்பிளே எழுதி வைத்திருக்கிறது. சித்திரை, வைகாசியில் இங்கே நிழலிலேயே அந்த அளவு தாண்டிவிடும். நேர்வெயிலில் கறுப்புக் கவர் போட்ட போன் இன்னும் பல டிகிரி கூடுதலாகச் சூடேறும். சூடேறியதும் போன் தன்னைக் காத்துக்கொள்ளத் தொடங்குகிறது. முதலில் திரை வெளிச்சத்தைத் தானே குறைக்கும். எந்த நேரத்தில் வெளிச்சம் கூடுதலாகத் தேவையோ அதே நேரத்தில் திரை மங்கிப்போகும். அடுத்து, பவர் பேங்கில் சொருகியிருந்தால் சார்ஜ் ஏறுவது நின்றுவிடும். அதற்கும் மேலே போனால் எச்சரிக்கை காட்டிவிட்டு ஆப்களையே முடக்கும். போன் பழுதாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். பழுது ஒன்றும் இல்லை, பேட்டரியைக் காப்பாற்ற அது அப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும். லித்தியம் பேட்டரிக்குப் பொதுவாக 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றக் கூடாது. முழுச் சார்ஜோடு சூட்டில் கிடக்கும் பேட்டரி சீக்கிரமே கிழடு தட்டும். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கும் ஊரில் இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

சைக்கிள் கம்ப்யூட்டர் என்பது ஹேண்டில்பாரில் மாட்டி வேகம், தூரம், வழி பார்க்கும் சிறு கருவி. அதன் திரை வேறு ரகம். கார்மின் எட்ஜ் 530, 540, வாஹூ போல்ட் இரண்டாம் பதிப்பு போன்றவற்றில் இருப்பது வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் திரை. வெயில் ஏற ஏற எண்கள் தெளிவாகும், பகலில் பின்விளக்கே தேவைப்படாது. போனின் திரையோ தன் சொந்த விளக்கை எரித்துச் சூரியனோடு போட்டி போட வேண்டும். பேட்டரி தீர்வதும் போன் சூடேறுவதும் பெரும்பாலும் இதனால்தான். திரையை முழு வெளிச்சத்தில் வைத்து, மேப்பும் ஓடினால், மணிக்கு 20 விழுக்காடு போவது சாதாரணம். அதே போனைத் திரை அணைத்துப் பையில் போட்டுப் பயணப் பதிவை மட்டும் ஓடவிட்டால் மணிக்கு 5 முதல் 8 விழுக்காட்டோடு நின்றுவிடும். ஜிபிஎஸ் சிப் தின்னும் மின்சாரம் குறைவு, திரை தின்பதுதான் மிகுதி. போனில் ஓட்டுபவர்கள் இந்த ஒன்றை மட்டும் மனத்தில் வைத்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

சைக்கிள் கம்ப்யூட்டரின் பேட்டரிக்குக் கம்பெனி சொல்லும் கணக்கு: எட்ஜ் 130 பிளஸ் 12 மணி, போல்ட் இரண்டாம் பதிப்பு 15 மணி, எட்ஜ் 530 20 மணி, எட்ஜ் 540 26 மணி. வழிகாட்டலும், வேகம், இதயத்துடிப்பு போன்றவற்றை அளந்து அனுப்பும் இரண்டு மூன்று சென்சாரும் சேர்ந்தால் இதில் கால்வாசி குறையும் என்று வைத்துக்கொள்வது பத்திரம். வார இறுதியில் 60, 80 கி.மீ. போகிறவர்களுக்கு எதுவுமே போதும். பிரெவே, அதாவது கால வரம்புக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரப் பயணம், ஓட்டுபவர்கள்தான் கணக்குப் போட வேண்டும். 200 கி.மீ.க்குக் கால வரம்பு 13 மணி 30 நிமிடம், 300க்கு 20 மணி, 400க்கு 27, 600க்கு 40. அந்த 200க்கே 12 மணிக் கருவி காகிதக் கணக்கில்கூடத் தேறாது. 600க்கு இவற்றில் எதை வாங்கினாலும் இடையில் சார்ஜ் ஏற்றித்தான் ஆக வேண்டும். அந்த இடத்தில் டைப்-சி போர்ட் பெரிய நிம்மதி, ஏனென்றால் போனுக்கும் கருவிக்கும் ஒரே கேபிள் போதும். எட்ஜ் 530 பழைய மைக்ரோ யுஎஸ்பி, அதற்குத் தனிக் கேபிள் தூக்க வேண்டும்.

போன் பதிவில் அடிக்கடி வரும் குறை பாதி வழியில் பதிவு அறுந்துபோவது. வீட்டுக்கு வந்து பார்த்தால் ஊருக்கு ஊர் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி ஒரு நேர்கோடு இருக்கும். சாலை வளைந்து போயிருக்கும், கோடு குறுக்கே வெட்டியிருக்கும், தூரமும் குறைந்திருக்கும். சிக்னல் இல்லை என்று டவர்மேல் பழி போடுவார்கள். ஜிபிஎஸ்ஸுக்கும் மொபைல் டவருக்கும் சம்பந்தம் மிகக் குறைவு, வானம் திறந்த இந்த ஊரில் ஜிபிஎஸ் கிடைக்காமல் போவது அபூர்வம். உண்மையில் நடப்பது, பேட்டரியைச் சேமிக்கிறேன் என்று ஆண்ட்ராய்டு அந்த ஆப்பைப் பின்னணியில் தூங்க வைத்துவிடுவது. செட்டிங்ஸில் அந்த ஆப்பின் பேட்டரிப் பகுதிக்குப் போய் ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ என்று மாற்றுங்கள். லொகேஷன் அனுமதியில் துல்லிய இருப்பிடத்தை ஆன் செய்யுங்கள். பவர் சேவர் அணைந்திருக்க வேண்டும், பல போன்களில் அது இருந்தால் திரை அணைந்ததும் ஜிபிஎஸ்ஸும் அணையும். சமீபத்திய ஆப்கள் வரிசையில் பதிவு ஆப்பைப் பூட்டி வைக்கும் வசதி இருந்தால் பூட்டிவிடுங்கள். போன் அப்டேட் ஆன பிறகு இந்த நான்கும் பழையபடி மாறிவிடுவது உண்டு. நீண்ட பயணத்துக்கு முந்தின நாள் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி, திரையை அணைத்துவைத்து, சரிபார்த்துவிடுவது நல்லது.

வழிகாட்டல் விஷயத்தில் செட்டிநாட்டுக்கென்றே சில சிக்கல்கள் உண்டு. பெரிய வீடுகளின் முகப்பு ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். மேப்பில் வீட்டைத் தொட்டால் ஊசி கட்டடத்தின் நடுவில் குத்தும். அங்கிருந்து எந்தத் தெரு பக்கமோ அங்கே கொண்டுபோய் நிறுத்தும், அது பெரும்பாலும் பின்கட்டுத் தெரு. எனவே பாதை வரையும்போது வீட்டையோ கோயிலையோ தொடாமல் தெருமுனையில் புள்ளி வையுங்கள். தெருக்கள் நேராகவும் ஒன்றுக்கொன்று இணையாகவும் போவதால் இன்னொரு குழப்பமும் வரும். ஒரு தெரு தள்ளித் திரும்பிவிட்டாலும் கருவி உடனே ‘பாதை தவறியது’ என்று கத்தாது. இரண்டு தெருவுக்கும் இடைவெளி அதன் பிழை வரம்புக்குள் அடங்கிவிட்டால் தெருக்கோடி வரை பேசாமல்தான் வரும். ஊருக்குள் நுழைந்ததும் மேப்பை 50 மீட்டர் அளவுக்குப் பெரிதாக்கிக்கொள்வதே வழி.

ஊர்ப் பெயர்களிலும் கவனம் வேண்டும். திருப்பத்தூர் என்று தட்டினால் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூருக்குப் பதில் 2019இல் வேலூரிலிருந்து பிரிந்த மாவட்டத் தலைநகர் மேலே வந்து நிற்கும். கோத்தமங்கலம் என்றால் கேரளத்துக்குப் போகச் சொல்லும். செட்டிநாடு என்று தேடினால் கானாடுகாத்தான் பக்கத்து ரயில் நிலையத்தைக் காட்டினாலும் காட்டும். பாதையைக் கம்ப்யூட்டரிலோ போனிலோ முதல் நாளே வரைந்து, மொத்தத் தூரம் நியாயமாக இருக்கிறதா என்று பார்த்து, ஜிபிஎக்ஸ் எனும் பாதைக் கோப்பாகக் கருவிக்கு அனுப்பிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. போன் மட்டும் இருந்தால், கூகுள் மேப்பை ஆஃப்லைனில் இறக்கி வைத்தாலும் அதில் கார் வழிதான் கிடைக்கும், சைக்கிள் வழி கிடைக்காது என்பதை மறக்க வேண்டாம். ஓஎஸ்எம்ஆண்ட், ஆர்கானிக் மேப்ஸ் இரண்டும் நெட் இல்லாமலே சைக்கிள் வழி காட்டும். இரண்டுமே ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவில் ஓடுபவை. கண்மாய்க் கரைப் பாதைகளைக் கோடாகக் காட்டும், ஆனால் ஐப்பசி கார்த்திகையில் கலுங்கில் தண்ணீர் போகிறதா, கரை அரித்திருக்கிறதா என்று எந்த மேப்புக்கும் தெரியாது. அதை டீக்கடையில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

குரல் வழிகாட்டலில் சைக்கிள் கம்ப்யூட்டரைவிடப் போன் பல மடங்கு மேல். போன் பையில் இருந்தபடியே ஒரு காதில் மட்டும் சொல்லும்படி வைத்தால் கண்ணைச் சாலையிலிருந்து எடுக்கத் தேவையில்லை. தை மாதத்தில் குன்றக்குடியிலிருந்து பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் இருட்டிலேயே சாலையோரம் நடப்பார்கள். அந்த நாட்களில் விடியுமுன் அந்தச் சாலையில் திரையைப் பார்த்து ஓட்டவே கூடாது, அது எந்தக் கருவியின் திரையாக இருந்தாலும் சரி.

சக்கரச் சென்சாரிலோ ஒயர் மீட்டரிலோ தூரமும் வேகமும் சரியாக வர வேண்டுமென்றால் சக்கரச் சுற்றளவு சரியாக இருக்க வேண்டும். 700x25 டயருக்கு 2105 மி.மீ., 28க்கு 2136, 32க்கு 2155 என்பது அட்டவணைக் கணக்கு. டயரை 25இலிருந்து 32க்கு மாற்றிவிட்டுக் கருவியில் எண்ணை மாற்றாமல் விட்டால் 100 கி.மீ. ஓடியதை 97.7 என்று காட்டும். நம் ஊர்ப் பெரிய சைக்கிளுக்கு அட்டவணையை நம்ப வேண்டாம், அளந்துவிடுங்கள். காற்றைச் சரியாக அடித்து, வால்வு நேர்கீழே வரும் இடத்தில் தரையில் சாக்பீஸ் கோடு போட்டு, ஆள் ஏறி உட்கார்ந்தபடி சக்கரம் மூன்று சுற்று நேராக உருண்டதும் மறுபடி கோடு போட்டு, தூரத்தை மூன்றால் வகுத்தால் சுற்றளவு கிடைத்துவிடும். ஆள் உட்கார்வது முக்கியம், எடையில் டயர் அமுங்குவதால் சுற்றளவு சில மில்லிமீட்டர் குறையும். காந்தம் வைத்த ஒயர் மீட்டரில் எண் நிலையில்லாமல் தாவினால் காந்தத்துக்கும் சென்சாருக்கும் இடைவெளி கூடியிருக்கும். அதை 3 மி.மீ. அளவுக்குக் கொண்டுவந்தால் சரியாகும்.

சென்சார்களில் ஒரு பொதுத் தொல்லை உண்டு. புளூடூத் மட்டும் உள்ள பல சென்சார்கள் ஒரு நேரத்தில் ஒரு கருவியோடுதான் பேசும். போன் முந்திப் பிடித்துக்கொண்டால் கம்ப்யூட்டர் எவ்வளவு தேடினாலும் அகப்படாது. போனின் புளூடூத் பட்டியலில் சென்சாரைச் சேர்க்கவே கூடாது, சேர்த்திருந்தால் மறக்கச் சொல்லிவிடுங்கள். ஆண்ட் பிளஸ் என்ற இன்னொரு கம்பியில்லா முறை உள்ள சென்சார் என்றால் இந்தப் பிரச்சினை இல்லை, அது எல்லாருக்கும் கேட்கும்படி அனுப்பும். ஆனால் ஐபோன் அதைக் கேட்காது. கம்ப்யூட்டரும் போனும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துபவர்கள் இரண்டு முறையும் உள்ள சென்சாராகப் பார்த்து வாங்கவும்.

மவுன்ட், அதாவது கருவியை ஹேண்டில்பாரில் பிடித்துவைக்கும் தாங்கி, பற்றி: கருவியோடு வரும் ரப்பர் வளையம் நம் வெயிலில் ஓராண்டிலேயே நுண்ணிய வெடிப்பு விடும். வளையத்தை இழுத்துப் பார்த்து வெள்ளைக் கீறல் தெரிந்தால் மாற்றிவிடுங்கள், கூடவே கருவியை ஹேண்டில்பாரோடு கட்டும் பாதுகாப்புக் கயிற்றையும் போடுங்கள். 75 கிராம் எட்ஜ் 530க்கு ரப்பர் தாங்கும், 200 கிராம் போனுக்குத் திருகாணி போட்டு இறுக்கும் மவுன்ட்தான் வேண்டும். அதிர்வும் ஒரு விஷயம். மோட்டார் சைக்கிளின் அதிர்வால் ஐபோன் கேமராவின் நடுக்கத் தடுப்புப் பகுதி கெடலாம் என்று 2021இல் ஆப்பிள் எச்சரித்தது. சைக்கிளில் எஞ்சின் அதிர்வு கிடையாது, ஆபத்து குறைவு. ஆனாலும் சரளைக் கற்பாதையில் விலையுயர்ந்த போனைக் குலுக்கிக்கொண்டே போவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

செம்மண் தூசி சார்ஜ் துளையில் போய் வியர்வையோடு சேர்ந்தால் களிம்பு கட்டும். உப்புத் தண்ணீர் பட்ட முனையில் கேபிள் சொருகினால் உலோகப் புள்ளிகள் கறுத்து அரிக்கும். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழ நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்றுதான் பொருள். வியர்வையை அந்தச் சோதனை கணக்கில் எடுப்பதில்லை. ஓட்டி முடித்ததும் ஈரத்துணியால் துடைத்து, நிழலில் உலரவிட்டு, காய்ந்த டூத் பிரஷ்ஷால் துளையைத் தட்டிவிட்டு, பிறகு சார்ஜ் போடுங்கள். கருவியின் பின்புறம் உள்ள சிறு ஓட்டை காற்றழுத்தம் அளப்பதற்கு. அது அடைத்தால் உயரக் கணக்கு அர்த்தமில்லாமல் போகும், குழாய்த் தண்ணீரை மெல்ல விட்டால் திறக்கும், ஊசியால் குத்தக் கூடாது. மழையில் தொடுதிரை தானாகப் பக்கம் மாறும். பொத்தான் கருவிகள் இந்த இடத்தில் மிக நிம்மதி, எட்ஜ் 530 போன்ற பழைய மாடலை இன்றும் பலர் விடாமல் வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

காலை ஐந்தரைக்குக் கிளம்பிப் பிள்ளையார்பட்டி வரை போய் ஏழரைக்கு வீடு திரும்புகிறவர்கள் தனிக் கருவி வாங்க வேண்டியதில்லை. ஹேண்டில்பாரில் ஒரு ஒயர் மீட்டர், ஜிப் லாக் கவரில் போட்டு முதுகுப் பையில் போன், அவ்வளவுதான். ஒன்பது மணிக்கு மேலும் சாலையில் இருப்பவர்கள், தெரியாத ஊருக்கு வழி வரைந்து போகிறவர்கள், பிரெவே ஓட்டுபவர்கள் கம்ப்யூட்டர் வாங்கலாம், ஆனால் போனை வீட்டில் வைத்துவிட்டுப் போகக் கூடாது. விபத்தை உணர்ந்து வீட்டுக்குச் செய்தி அனுப்பும் வசதி இந்தக் கருவிகளில் போன் வழியாகத்தான் வேலை செய்கிறது. பயணத்தின் முடிவில் ஒரு அழைப்புக்காவது சார்ஜ் இருக்க வேண்டும் என்பதும் போனைப் பையில் வைக்க ஒரு காரணம்.

பழைய கருவியை இன்னொருவரிடம் வாங்குவதானால் பகலில், வெயிலில் நின்று வாங்குங்கள். திரையில் எண்கள் தெரிகின்றனவா, எல்லாப் பொத்தானும் ஒரே அழுத்தத்தில் வேலை செய்கின்றனவா, சார்ஜ் துளையின் ரப்பர் மூடி இருக்கிறதா, உள்ளே பச்சை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். பின்புறம் மவுன்டில் பூட்டும் பிளாஸ்டிக் காது தேய்ந்திருந்தால் வேண்டாம், சரளையில் அது கழன்று விழும். கடைசியாக, அங்கேயே ஒரு மணி நேரம் பதிவை ஓடவிட்டு எத்தனை விழுக்காடு இறங்குகிறது என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.