வெளிச்சுவர் சைடிங் மாற்றினோம்: வேலை எப்படி, காசு எங்கே போனது

முதலில் மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன். வேலைக்கு ஐந்துக்கு நான்கு. கொட்டேஷன் கொடுத்த லட்சணத்துக்கு ஐந்துக்கு இரண்டு. கம்பெனி பெயரைப் போடவில்லை, ஏனென்றால் நான் சொல்லப்போகும் குறை அவர்களிடம் மட்டும் இல்லை, விசாரித்த எல்லாருமே ஏறக்குறைய அதே மாதிரிதான் விலை சொன்னார்கள். மரச்சட்டம் போட்டுக் கட்டிய வீட்டில் இருந்துகொண்டு, வெளியே வரிவரியாக அடித்திருக்கும் சைடிங் பலகைகள் வெளுத்து விரிசல் விட்டுப் போனதைப் பார்த்து, மாற்றினால் எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரே வீடு, ஒரே சுவர், எல்லாரிடமும் ஒரே தரமான வினைல், அதாவது பிவிசி பிளாஸ்டிக் சைடிங்தான் கேட்டோம். ஆனாலும் மிகக் குறைந்த விலைக்கும் மிக அதிக விலைக்கும் நடுவில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசம். பொருளின் விலை அப்படியெல்லாம் ஆளுக்கு ஆள் மாறாது. மாறுவது எது என்று ஒவ்வொரு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது: பழையதைப் பிரிப்பது, அதைக் கொண்டுபோய்க் கொட்டுவது, ஜன்னலைச் சுற்றி ஃப்ளாஷிங் (தண்ணீரைத் திருப்பிவிடும் பட்டை), மூலைகள், கூரை ஓரத்தின் அடிப்பக்கத்தை மூடும் சாஃபிட், அந்த ஓரத்தின் முன்பலகையான ஃபேஷியா எல்லாவற்றையும் ஒருவர் சேர்த்திருக்கிறார், இன்னொருவர் வாயே திறக்கவில்லை. மலிவான கொட்டேஷனில் இருந்தது மொத்தமே இரண்டு வரி. வினைல் மாதிரியான பொருளில் பலகையின் விலையைவிடக் கூலியும் இந்தச் சில்லறை ஐட்டங்களும் சேர்ந்துதான் பில்லைத் தூக்குகின்றன, அதனால் இரண்டு வரி கொட்டேஷனை விலை குறைவு என்று எடுத்துக்கொள்ளவே கூடாது, மீதி வரிகள் பிறகு வரும்.

அளவு விஷயத்திலும் கொஞ்சம் கவனம் தேவை. இந்தத் தொழிலில் 100 சதுர அடியை ஒரு ‘ஸ்கொயர்’ என்பார்கள். சிலர் ஜன்னல், கதவைக் கழித்துவிட்டுச் சொல்வார்கள், சிலர் கழிக்க மாட்டார்கள். வெட்டுச் சேதாரத்துக்கு 10 சதவீதம் சேர்ப்பது வழக்கம்தான், அதில் சண்டை போட ஒன்றுமில்லை, கூரைக்குக் கீழே முக்கோணமாக ஏறும் சுவர்கள் இருந்தால் இன்னும் கூடவே ஆகும். ஜன்னல் நிறைய இருந்தால் சைடிங் குறையுமே, செலவும் குறையாதா என்று தோன்றும். நேர்மாறு. வெற்றுச் சுவரில் பலகையை மளமளவென்று அடித்துக்கொண்டே போகலாம், ஜன்னல் வந்தால் நாலு பக்கமும் அளந்து வெட்டி, பலகையின் வெட்டிய ஓரம் உட்காரும் ஜே சேனல் பட்டை போட்டு, தண்ணீர் உள்ளே இறங்காமல் பட்டை ஒட்டி, எல்லாம் கைவேலை. மாடி வீடென்றால் சாரத்துக்குத் தனியாக.

இப்போது எனக்குக் கடுப்பான இடம். ஒப்பந்தத்தில் ‘உள்ளே சேதம் இருந்தால் கூடுதல் கட்டணம்’ என்று ஒரு வரி இருந்தது. எவ்வளவு என்று போடுங்கள் என்று கையெழுத்துக்கு முன்பே கேட்டேன். திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றார் விற்பனை ஆள். சைடிங்குக்குப் பின்னால் சட்டத்தில் அடித்திருக்கும் பலகையில் எத்தனை ஷீட் கெட்டிருக்கிறது என்பது திறந்தால்தான் தெரியும், சரி. ஒரு ஷீட்டுக்கு என்ன விலை என்பது இன்றைக்கே தெரியுமே? மரச்சீவலை ஒட்டி அழுத்திய நாலுக்கு எட்டு அடி ஓஎஸ்பி பலகை என்ன ரகசியமா? கடைசிவரை எழுதிக் கொடுக்கவில்லை, வாயால் ஏதோ ஒரு தொகை சொன்னார், பில்லில் அதைவிட அதிகமாக வந்தது, பேசித்தான் குறைக்க வேண்டியிருந்தது. சுவரைத் திறந்து போட்டு, மழை வருமோ என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற நேரத்தில் யாரால் பேரம் பேச முடியும்? இரண்டு மதிப்பெண்ணுக்குக் காரணம் இதுதான்.

ஆனால் மேஸ்திரியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். தங்கமான மனிதர். கீழ்க்கூரையின் ஓரம் சுவரில் வந்து முட்டி, கட்டர் (கூரைத் தண்ணீரைப் பிடிக்கும் ஓரக் கால்வாய்) ஆரம்பிக்கிற இடத்தில் பழைய சைடிங்கைக் கழற்றியதும் என்னைக் கூப்பிட்டார். வெளியிலிருந்து பார்த்தால் அங்கே ஒரு கறைகூட இல்லை. உள்ளே பலகை கறுத்து ஊதிப்போய், ஸ்க்ரூ டிரைவரை வைத்து லேசாக அழுத்தியதும் பிடிவரை உள்ளே போனது, ஈரமான மரத்தூள் கையோடு வந்தது. கூரையில் வழிந்து வரும் தண்ணீரைச் சுவரிலிருந்து விலக்கிக் கட்டருக்குள் தள்ள ஒரு சின்னத் தகரத் துண்டு வேண்டும், கிக்அவுட் ஃப்ளாஷிங் என்பார்கள், கட்டியவர்கள் அதை வைக்கவே இல்லை. உள்ளங்கை அளவு தகரத்தை மிச்சம் பிடித்ததில் பல வருடத் தண்ணீர் நேராக சைடிங்குக்குப் பின்னால் இறங்கியிருக்கிறது. கெட்ட ஷீட்டுகளை என் கண்முன்னே எண்ணி, படம் எடுத்து, அப்புறம்தான் மாற்றினார்கள். உங்கள் வீட்டிலும் அழுகல் இருந்தால் முதலில் இந்த இடத்திலும் ஜன்னலின் கீழ் மூலைகளிலும் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், கொட்டேஷன் கேட்கும்போதே இவற்றைக் காட்டிப் பேசுங்கள்.

பழையதன் மேலேயே புதியதை அடித்துவிடலாம், பிரிக்கும் செலவு மிச்சம் என்று ஒருவர் சொன்னார். மேலே சொன்ன அழுகலை அப்படியே மூடி வைப்பதற்குப் பெயர் மிச்சமா? ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. பழைய சைடிங் ஆஸ்பெஸ்டாஸ் கலந்த சிமென்ட் என்றால், அது உடையாமல் நல்ல நிலையில் இருக்கும்பட்சத்தில், கிளறாமல் மேலே மூடுவதும் ஒரு முறையான வழிதான். அதை எடுக்கத் தனிப் பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும், செலவும் வேறு கணக்கு. 1980களுக்கு முன் கட்டிய வீடென்றால் கை வைப்பதற்கு முன் சோதனை செய்துவிடுங்கள்.

வினைலில் வேலை சுத்தமா என்று பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. அடித்து முடித்த பலகையைக் கையால் பிடித்து இடம் வலமாக நகர்த்திப் பாருங்கள், கொஞ்சம் நகர வேண்டும். வெயிலிலும் குளிரிலும் சுமார் 12 அடி நீளப் பலகை அரை அங்குலம்வரை நீளும், சுருங்கும். அதனால் ஆணியை நீள் துளையின் நடுவில் அடித்து, தலைக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இடைவெளி விட வேண்டும். இறுக்கி அடித்தால் முதல் கோடையிலேயே அலை அலையாக நெளியும். எங்கள் வீட்டில் பின்பக்கம் ஒரு வரிசை அசையவே இல்லை, சொன்னதும் முகம் சுளிக்காமல் கழற்றித் திரும்ப அடித்தார்கள். சைடிங்குக்குப் பின்னால் சுவரைச் சுற்றும் ஹவுஸ்ராப் என்ற தண்ணீர்த் தடுப்பு விரிப்பையும் பாருங்கள், கீழிருந்து மேலாக, மேல் சுற்று கீழ்ச் சுற்றின் மேல் ஏறி விழ வேண்டும், கூரை ஓடு அடுக்குவது போல. வினைல் தண்ணீரை முழுக்கத் தடுக்காது, பின்னால் போகும் தண்ணீரை வெளியே தள்ளுவது இந்த ராப்பும் ஃப்ளாஷிங்கும்தான்.

ஃபைபர் சிமென்ட் (சிமென்ட்டில் நார் கலந்து செய்த பலகை) போடலாமா என்றும் யோசித்தோம். பார்க்க அழகு, தீப்பிடிக்காது, கரையான் தொடாது. ஆனால் 100 சதுர அடிக்கு 100 கிலோவுக்கு மேல் எடை, வினைல் அதில் கால்வாசிதான். தூக்க ஆள் வேண்டும், வெட்டும்போது பறக்கும் சிலிக்காத் தூசு நுரையீரலுக்கு ஆகாது என்பதால் அதற்கான கருவியும் முகமூடியும் வேண்டும், வெட்டிய ஓரங்களுக்கெல்லாம் அங்கேயே பெயின்ட் அடிக்க வேண்டும், மண்ணிலிருந்து சுமார் 6 அங்குலம் உயர்த்தி நிறுத்த வேண்டும். விலை ஏறுவது இதனால்தான். பின்னாளில் பெயின்ட் செலவும் உண்டு. காட்டுத்தீ வரும் பகுதியில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இதையே போடுவேன், எங்களுக்கு அந்தப் பயம் இல்லை. வினைலுக்கும் ஒரு வில்லன் இருக்கிறான்: எதிர்வீட்டில் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் பூச்சுள்ள லோ-ஈ கண்ணாடி ஜன்னல். அதில் பட்டுத் திரும்பும் வெயில் ஒரே இடத்தில் குவிந்தால் வினைல் உருகி நெளிந்துவிடும். அடர் நிறம் எடுப்பவர்கள் எதிரே என்ன இருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு எடுக்கலாம்.

பின்பக்கம் ஃபோம் ஒட்டிய வினைல் போட்டால் கரன்ட் பில் பாதியாகும் என்றார் அதே விற்பனை ஆள். ஆகாது. ஃபோமால் சுவர் தட்டையாகவும் விறைப்பாகவும் நிற்கும், கொஞ்சம் வெப்பக் காப்பும் கிடைக்கும், அவ்வளவுதான். காப்புதான் வேண்டும் என்றால் சுவர் திறந்திருக்கும்போது தனியாக ஃபோம் ஷீட் போடுவதற்கு விலை கேளுங்கள்.

உத்தரவாதத்தில் ‘ஆயுள் முழுவதும்’ என்று பெரிய எழுத்தில் இருக்கும். பெரும்பாலும் அது பலகைக்கு மட்டும், வருடம் போகப் போகத் தொகை குறையும், வீட்டை விற்றால் நிபந்தனை மாறும். கூலிக்கான உத்தரவாதம் கான்ட்ராக்டர் தருவது, தனிக் காகிதம், பெரும்பாலும் சில வருடம்தான். சைடிங்கில் பல தொல்லைகள் அடித்த விதத்தால் வருபவை என்பதால் எனக்கு இரண்டாவது காகிதம்தான் முக்கியமாகப் பட்டது, அதைக் கேட்டு வாங்கினேன்.

வேலை முடிந்ததும் மிச்சப் பலகைகளை வண்டியில் ஏற்றத் தொடங்கினார்கள், ஒரு பெட்டியை நிறுத்தி வாங்கி கராஜில் வைத்திருக்கிறேன். நிறத்தைக் கம்பெனிக்காரர்கள் நிறுத்திவிட்டால் ஒரு பலகை உடைந்தாலும் பொருத்தமாகக் கிடைக்காது. புல்லில் காந்தம் உருட்டி ஆணி பொறுக்கியதாகச் சொன்னார்கள், இன்னும் அங்கங்கே கிடைக்கிறது. அந்த ஐந்தாவது மதிப்பெண் அதில்தான் போனது.