11,850 ரூபாய்க்கு என் கதவில் நானே ஓட்டை போட்டுக்கொண்ட கதை

பூட்டு வாங்கிய ஆன்லைன் தளத்திலிருந்து இன்று காலையில்தான் கடைசி பதில் வந்தது. 'உங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டது.' யாருக்கு முடிந்தது? 11,850 ரூபாய் கொடுத்தவன் நான். ஓட்டைக் கதவோடு நிற்பவனும் நான். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

பள்ளத்தூரில் எங்கள் வீடு. படைப்பு (முன்னோருக்குப் படையல்), பொங்கல், கல்யாணம் என்று வருடத்தில் சில நாள்தான் திறப்போம். முன்வாசலுக்கு ஐயா காலத்துச் சாவி, ஒரு சாண் நீளம், அதில் கவலையில்லை. பயமெல்லாம் பின்கட்டு ஒற்றைக் கதவுதான். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய தேக்குப் பலகை வாங்கி இழைத்துச் செய்தது. அதற்கு மல்டிபாயின்ட் பூட்டு போட ஆசைப்பட்டேன். நீளப் பட்டை, கைப்பிடியைத் தூக்கினால் மேலும் கீழும் கொக்கிகள் நிலைக்குள் போய் மாட்டிக்கொள்ளும். ஒரே இடத்தில் நெம்பித் திறப்பது கஷ்டம்.

வீட்டுச் சாமான் விற்கும் ஓர் ஆன்லைன் தளம். அதில் ஒரு விற்பனையாளர். போனில் பேசினேன். "அண்ணே, எனக்கும் தேவகோட்டைப் பக்கம்தான். நம்ம ஊரு கதவு எனக்குத் தெரியாதா?" அதில் விழுந்தேன். பட்டையின் முகத்திலிருந்து சாவித்துளையின் நடு வரை உள்ள தூரத்துக்கு பேக்செட் என்று பெயர். 45 மில்லிமீட்டர் என்று தளத்தில் இருந்தது, அவர் வாட்ஸப்பில் அனுப்பிய படத்திலும் அதுதான். "சரக்கு வர அஞ்சு நாளாகும்ணே. அதுக்குள்ள பூட்டு உட்கார்ற பள்ளம், அதான் காடி, எடுத்து ஓட்டை போட்டு வச்சுருங்க, வந்ததும் பத்து நிமிஷ வேலை."

ஆத்தா அப்போதே சொன்னார்கள், ஆசாரியைக் கூப்பிடு என்று. கேட்டேனா? அரை நாள் உளியும் டிரில்லுமாக உட்கார்ந்தேன். பழைய தேக்கின் எண்ணெய் வாசம் பின்கட்டு முழுக்க. காடி அவ்வளவு சுத்தமாக வந்தது, போட்டோ எடுத்து அவருக்கே அனுப்பினேன். "சூப்பர்ணே" என்று பதில்.

பூட்டு வந்தது. பேக்செட் 35. மூன்று தடவை ஸ்கேலை வைத்துப் பார்த்தேன், 35தான். புதிதாகத் துளைத்தால் பழைய ஓட்டையோடு சேர்ந்து எட்டு மாதிரி ஒன்றாகிவிடும், கைப்பிடித் தகட்டை எதில் முடுக்குவது? சாவி நுழையும் உருளையை, அதாவது சிலிண்டரையாவது பார்ப்போம் என்று கதவோரம் வைத்தால், தகட்டைத் தாண்டி ஒரு சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கிறது. மூன்று மில்லிமீட்டருக்கு மேல் நீண்டாலே பிடித்து ஒடிக்கத் தோதாகிவிடும். திருடனுக்குப் பிடி வைத்துக் கொடுக்கவா 11,850 ரூபாய்?

விற்பனையாளர்: "அது வேற மாடல் படம்ணே." மறுநாள்: "கவர் பிரிச்சாச்சுல்ல, ரிட்டர்ன் ஆகாது." பிரிக்காமல் எப்படி அளப்பது? அப்புறம் போனே எடுக்கவில்லை. தளத்தில் கேட்டால் 'உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்', 24 மணி நேரம், இன்னொரு 24 மணி நேரம். நடுவில் போய்ப் பார்த்தால் அந்தப் பக்கத்தில் 45 என்று இருந்தது 35 ஆகியிருக்கிறது! நான் ஸ்கிரீன்ஷாட் எடுக்கவில்லை. புத்தி.

என்ன செய்யலாம் என்று விவரமாக எழுத நினைத்தேன், பொறுமையில்லை. பூட்டு கைக்கு வந்து அளக்காமல் மரத்தில் உளி வைக்காதீர்கள். வாங்கும் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. நான் இன்று அடித்துவிட்டேன். ஊர்ப்பேர் சொல்பவனிடம் இரண்டு மடங்கு உஷார்.

நாளை ராத்திரி சென்னைக்குப் பஸ். அதற்குள் ஓட்டையில் தக்கை அடிக்க ஆசாரி வரவேண்டும். இப்போதைக்குப் பழைய தாழ்ப்பாளும் ஒரு திண்டுக்கல் பூட்டும்தான் காவல்.